யோசித்துச் சொல்கிறேன்

மாலை வெயில் கெய்ரோவின் மொட்டைமாடிகளைத் தாண்டி வந்து ரிஹாபின் மேசைமேல் சாய்ந்து கிடக்கிறது. ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் ஷவ்கியின் சேமிப்புக்கு அவள்தான் ஆலோசகர். வைப்புநிதி, தங்கம், நிலம் என்று வண்ண வண்ணமாகப் படங்களை அவர் முன்னால் விரித்திருக்கிறாள். "யோசிச்சுச் சொல்றேம்மா" என்கிறார் அவர், போன தடவையும் அதற்கு முந்தின தடவையும் சொன்னதுபோலவே. சொல்லும்போது கண் படங்களில் இல்லை. முதலில் பக்கத்திலிருக்கும் மனைவி இன்சாஃபை ஓரமாக ஒரு பார்வை, பிறகு ஜன்னலை. வெளியே எதிர்மாடியில் புறா வளர்க்கும் யாரோ கொடி வீசித் திருப்ப, புறாக்கூட்டம் ஒன்று மொத்தமாகத் திரும்பி வெயிலில் பளீரென்று வெளுக்கிறது. ரிஹாப் அந்தப் பார்வையைப் பிடித்துவிடுகிறாள். படங்களைக் கவிழ்த்து வைக்கிறாள். "இதெல்லாம் கிடக்கட்டும் ஐயா. புறா வளர்க்கணும்னு ஆசையா?"

தேநீர்க் குவளை உதட்டுக்குப் போகாமல் பாதி வழியில் நிற்கிறது. ஷவ்கியின் காதுமடல்கள் சிவக்கின்றன. "இந்த வயசுலயா? மாடியில கூடு கட்டணும், அதுக்கு மரம் வாங்கணும்... இவ என்னை வீட்டைவிட்டே துரத்திடுவா."

இன்சாஃப் விழுந்து விழுந்து சிரிக்கிறாள், வளையல்களெல்லாம் கூடவே குலுங்குகின்றன. "அட, என்ன மனுஷன் நீங்க! தூக்கத்துலகூட விசிலடிச்சுப் புறாவைக் கூப்பிடுறீங்க. தச்சன்கிட்ட போன மாசமே சொல்லி வெச்சாச்சு. நீங்களா வாயைத் திறக்கணும்னுதான் காத்துக்கிட்டிருக்கேன்."

"கூட்டுக்குப் போக மிச்சப் பணத்தை உனக்குச் சரின்னு பட்ட இடத்துல போட்டுடும்மா" என்கிறார் ஷவ்கி, ஜன்னலைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கொஞ்சமும் யோசிக்காமல்.