அறுபத்திரண்டில் பழையது

“இது இல்ல ரெய்யோ. இதுல பிரேக் இருக்கு.”

மேசைமேல் வைத்த மிஷின் ரம்பத்தைச் சில்வி ஒரு விரலால் தள்ளினாள்.

ரெய்யோவுக்குச் சிரிப்பு வந்தது. வடக்கே பனிக்காட்டு ஊரான கெமியார்வியில் மரம் அறுக்கும் ரம்பங்களை விற்பதும் பழுது பார்ப்பதும்தான் அவன் பிழைப்பு. பிரேக் இருப்பதைக் குறையாகச் சொன்ன முதல் ஆள் இவள்தான்.

“இருந்தா நல்லதுதானே? ரம்பம் முகத்துக்கு எகிறினா சங்கிலி அப்படியே நின்னுடும். நீ கேட்டதும் அறுபத்திரண்டாம் மாடல், இதுவும் அறுபத்திரண்டு. அதே பேரு, அதே ஆரஞ்சு நிறம்.”

“பேரும் நிறமும் ஒண்ணா இருந்தா ஆச்சா? இதுல முன்னால இருக்கிற கம்பியைத் தள்ளினா பிரேக். வில்யோவோடதுல அது அசையவே அசையாது.”

வில்யோ பேரைக் கேட்டதும் ரெய்யோ சற்று அடங்கிப் போனான். போன குளிர்காலத்தில், பனி சுமந்த கிளை ஒன்று முறிந்து அவள் கணவன் வில்யோவின் தலையில் விழுந்தது. ஹெலிகாப்டர் வந்து தூக்கிக்கொண்டு போனது. ஊர் அவனைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான். தேவாலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். அதற்கடுத்த இலையுதிர் காலத்தில் அவனுடைய சாமான்களைச் சில்வி விற்றாள். ரம்பத்தை வாங்கியவன் நார்வே பக்கம் போய்விட்டான்.

“வில்யோ மாதிரி மரம் சாய்க்க இந்தப் பக்கத்துல ஆளே கிடையாது” என்றான் ரெய்யோ.

“ம்.”

அவன் இன்னொன்றை எடுத்து வைத்தான்.

“இதைப் பாரு. கைப்பிடி சூடாகும். இந்தக் குளிருக்குச் சுகமா இருக்கும்.”

“வேண்டாம்.”

“சத்தமும் கம்மி.”

“அப்ப கண்டிப்பா வேண்டாம்.”

“அம்மா தாயே, நீ மரம் அறுக்கப் போறியா, கச்சேரி வைக்கப் போறியா?”

“பேசாம உள்ள போய்த் தேடு.”

உள்ளே போனவன் வெகுநேரம் கழித்துத் தூசி படிந்த ஒன்றோடு வந்தான்.

“அறுபத்திரண்டுல முதல் முதல்ல வந்தது. பிரேக் கிடையாது. சங்கிலிக்கு எண்ணெய் வேணும்னா கட்டைவிரலால அமுக்கணும். என் மாமனாரோடது, விக்கிறதுக்கு இல்ல. ஆனா உனக்குன்னா எடுத்துக்கோ. ஞாபகத்துக்குச் சுவர்ல மாட்டிக்கோ. அறுக்க மட்டும் யார்கிட்டயும் குடுத்துடாதே.”

சில்வி கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். முற்றத்துக்குத் தூக்கிப் போய்ப் பனிமேல் வைத்து, ஒரு காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்தாள். மூன்றாவது இழுப்பில் அது அலறியது. கூரையிலிருந்த காக்கைகள் எழுந்து பறந்தன.

அணைத்துவிட்டு, “இதேதான்” என்றாள். “ஒரு சுத்தியல் குடு.”

எதற்கென்று கேட்காமல் கொடுத்தான். வாங்கியவள் ரம்பத்தின் மேல்மூடியில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

“ஏய்! பைத்தியமா உனக்கு?” ரெய்யோ பாய்ந்து சுத்தியலைப் பிடுங்கினான்.

“அவரோடது டிராக்டர்லேர்ந்து விழுந்து இந்த மூலை நசுங்கியிருக்கும்.”

“அதுக்காக? இனிமே அதையெல்லாம் யாரு பாக்கப் போறா சில்வி?”

சில்வி கையுறையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“ஆஸ்பத்திரியில நினைவில்லாம கிடந்தவர், ரெண்டு வாரமா கண்ணைத் திறந்து பாக்குறார். கண்ணு படும்னு நான் ஊர்ல யார்கிட்டயும் மூச்சு விடல. நேத்து வாயத் திறந்து பேசிட்டார். என் பேரைச் சொல்லல. ‘என் ரம்பம் பத்திரமா இருக்கா’ன்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?” என்றான் ரெய்யோ.

“இருக்குன்னு சொல்லிட்டேன். வித்தது தெரிஞ்சா, அவர் பிழைக்க மாட்டார்னு நான் முடிவு கட்டினதும் தெரிஞ்சிடுமே ரெய்யோ.”

அவன் ரம்பத்தின் நசுங்கிய மூலையை விரலால் தடவிப் பார்த்தான். பிறகு சுத்தியலை ஓங்கி, “இன்னும் கொஞ்சம் நசுங்கியிருக்கும்” என்று தன் பங்குக்கு ஒன்று போட்டான்.