வராதவர் பட்டியல்

“நாலு மாதமா உங்களை ஆலயத்திலை காணேல்லை. ஆரோடையும் கோவமோ, அக்கா?”

சப்பாத்தைக் கழற்றி ஓரமாய் வைத்த கையோடு போதகர் பென்ஜமின் கேட்டுவிட்டார். தேவமலர் வீட்டுக் கதவைக்கூட இன்னும் சாத்தவில்லை.

“ஐயோ, கோவமோ? இல்லைப் பாஸ்ரர். நான்...”

“சொல்லத் தேவையில்லை, எனக்கு விளங்குது. மகன் சுலக்ஷன் எப்பிடி? படிப்பு முடிஞ்சுதோ?”

“சுலக்ஷன் பாமாவின்ரை மகன், பாஸ்ரர். என்ரை மகன் நிசாந். வேலைக்குப் போறான்.”

போதகருக்கு முகம் சுருங்கிப்போனது. ஜெர்மனியின் பான் நகரத் தமிழ்ச் சபையில் ஆறு வருடம். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி விசாரிப்பவர் என்று பெயர் எடுத்தவர். வெட்கத்தை மறைக்க அவருக்குத் தெரிந்த வழி ஒன்றே ஒன்றுதான், இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பேசுவது.

“ஆரூரன் தம்பி முன்வாசலிலை கொப்பியோடை நிக்கிறவரெல்லே? வாற ஆக்களின்ரை பேருக்கு நேரை சரி போடுவார். நாலு மாதம் சரி விழாட்டி நானே வீடு தேடி வருவன். இண்டைக்குச் சனிக்கிழமை எண்டும் பாராமல் அஞ்சு வீட்டுக்கு நேரம் குறிச்சு டேர்மின் வைச்சிருக்கிறன். உங்கடை மூண்டாவது.”

“நீங்கள் வந்தது சந்தோசம், பாஸ்ரர். ஆனால் நான்...”

அதற்குள் போதகரின் கண் மேசைக்கடியில் இருந்த பானையில் விழுந்தது. இரண்டு கையாலும் தூக்க வேண்டிய பானை. அது நிறையக் கடலைப்பருப்பு ஊறிக்கொண்டிருந்தது.

“வீட்டிலை விசேசமோ?”

“நாளைக்குத்தான், பாஸ்ரர். எண்பது பேருக்குக் காணோணும்.”

“சனத்தைக் கூப்பிட ஞாயிற்றுக்கிழமைதானோ கிடைச்சது?”

தேவமலர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாரம் முழுக்க முதியோர் இல்லத்துச் சமையலறையில் நிற்கிற மனுசி, வயது ஐம்பத்தெட்டு. ஆறுதலாய் யோசித்து, ஆறுதலாய்ப் பேசுகிறவர். போதகருக்கோ அவ்வளவு பொறுமை கிடையாது.

“இப்ப எங்கடை சபை முந்தி மாதிரி இல்லை, அக்கா. முந்தி ஆமென் சொன்ன உடனை சனம் காருக்கு ஓடும். இப்ப ஆராதனை முடியக் கீழ் மண்டபத்திலை தேத்தண்ணி. ஆறு மணி மட்டும் இருந்து கதைக்கினம். முகம் பாராமல் இருந்த ரெண்டு குடும்பம் ஒரே மேசையிலை இருந்து குடிக்குது! நான் மேலை ஜெபத்துக்கு வாறவையோடை இருந்திடுவன். எனக்கும் ஒரு கோப்பை மேலை வந்திடும்.”

“தேத்தண்ணி நல்லாயிருக்கோ, பாஸ்ரர்?”

“அருமை! போன கிழமை மட்டும் சீனி கொஞ்சம் கூடிப்போச்சு.”

தேவமலர் தலையைக் குனிந்துகொண்டார். மனச்சாட்சி குத்துகிறது என்று போதகர் முடிவு கட்டிக்கொண்டார். இதுதான் சமயம் என்று பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார்.

“நாளைக்கு நிர்வாகக் கூட்டம். நாலு மாதம் வராதவையின்ரை பேரை அங்கத்தவர் பட்டியலிலை இருந்து வெட்டோணும் எண்டு முடிவு. உங்கடை பேரும் இதிலை இருக்குது.”

தேவமலரின் கண் கலங்கிவிட்டது.

“இருபத்தெட்டு வருசமா எனக்கு இந்தச் சபைதான், பாஸ்ரர். என்ரை மனுசனை அடக்கம் செய்ததும் இந்தச் சபைதான். என்ரை பேரை வெட்டாதேங்கோ.”

அதைக் கேட்கப் போதகருக்கே என்னவோ போல் ஆகிவிட்டது. அழவைக்கவா வந்தோம் என்று கூசியது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“வெட்டேல்லை, அக்கா. நாளைக்கு மூண்டு மணிக்கு ஆராதனைக்கு வாங்கோ. ஒரு சரி விழுந்தால் போதும்.”

“மூண்டு மணிக்கு ஏலாது, பாஸ்ரர்.”

“ஏன் ஏலாது?”

குரல் கூரைக்குப் போய்விட்டது. ஒரு விதவையின் வீட்டில், அவர் கதிரையிலேயே உட்கார்ந்துகொண்டு, அவர்மீதே கத்தியிருக்கிறார். வெட்கத்தில் போதகர் வாயை மூடிக்கொண்டார்.

தேவமலர் எழுந்து குசினிக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு கோப்பையோடு வந்து அதை அவர் முன்னால் வைத்தார்.

“குடியுங்கோ.”

போதகர் ஒரு மிடறு குடித்தார். இஞ்சி, தட்டிப் போட்ட ஏலக்காய், நன்றாய்க் காய்ச்சிய பால். ஞாயிறு தவறாமல் மேலே வருகிற கோப்பையின் அதே ருசி. சீனி மட்டும் அளவாய் இருந்தது.

கோப்பையை வைக்கவும் தெரியாமல், குடிக்கவும் தெரியாமல் அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“மூண்டு மணிக்கு நான் கீழை வடை சுடத் தொடங்கோணும், பாஸ்ரர். பின்கதவாலை வாறபடியால் ஆரூரன் தம்பி என்னைக் காணுறேல்லை” என்றார் தேவமலர். “தை மாதம் நீங்கள்தான் சொன்னனீங்கள், ‘அக்கா, இண்டைக்கு மட்டும் தேத்தண்ணியைப் பாருங்கோ’ எண்டு. நாளைக்கு ஆராவது கீழை நிண்டால், நான் மேலை வாறன்.”