வோல்ரேஜ் குறைவு

"இண்டைக்கும் கறண்ட் சரியில்லையோ?"

சறோஜினிதேவி சுளகை முகத்துக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கல்லென்று நினைத்து நல்ல அரிசியைப் பொறுக்கி எறிந்துகொண்டிருந்தாள். ஃபான் காற்றில் உமி பறந்தது.

"ஓமப்பா. வோல்ரேஜ் விழுந்துபோச்சு. நாரந்தனை ஊர் முழுக்க இதே இழவுதான்" என்றார் புருஷன் பரராசசிங்கம், தலை நிமிராமல்.

லண்டனிலிருந்து வந்திருந்த மகள் பிரியவதனி அண்ணாந்து பார்த்தாள். பல்ப் பளிச்சென்று எரிந்தது. கண் கூசியது.

அவள் வாயைத் திறக்க முன், தகப்பன் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அங்கே வெடித்தாள். வந்த நாள் தொட்டு இதே கதைதான். அம்மா வெளிச்சம் மங்குது என்கிறா, அப்பா ஓம் என்று தலையாட்டுகிறார். கண்ணைக் கொண்டுபோய்க் காட்டத் துப்பில்லை, வாய் திறந்தால் பச்சைப் பொய்.

"இதுக்கு அங்கை ஒரு பேர் இருக்கு அப்பா. காஸ்லைற்றிங்."

"அதென்ன சாமான்?"

பல்லைக் கடித்துக்கொண்டு விளங்கப்படுத்தினாள். பழைய இங்கிலீஷ் நாடகமொன்றில் ஒரு புருஷன். அவனால் வீட்டுக் காஸ் விளக்கு மங்கும். பெண்சாதி கேட்டால், மங்கவேயில்லை என்று சாதிப்பான். தனக்கு விசர்தான், மூளை பிசகிவிட்டது என்று அவளே நம்பத் தொடங்குவாள். அதிலிருந்து, ஒரு ஆளைத் தன் கண்ணையே நம்பவிடாமல் செய்கிற அயோக்கியத்தனத்துக்கெல்லாம் அந்தப் பேர்.

பரராசசிங்கம் வாளியைக் கிணற்றுக்கட்டில் தொப்பென்று வைத்தார்.

"கண்ணாடி மாத்தவெண்டு சொல்லி யாழ்ப்பாணமும் கூட்டிக்கொண்டு போனனான், கொழும்புக்கும் போனனான். நரம்பு செத்துப்போச்சாம். கத்தி வைச்சும் பிரியோசனமில்லையாம். வருசம் முடியமுதல் முழு இருட்டாம். போ, நீயே போய்ச் சொல்லு கொம்மாவுக்கு."

அவள் வெளிச்சம் தெரிந்த வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"உன்ரை நாடகக்காரன் வெளிச்சத்தைக் குறைச்சவன். எனக்குக் கூட்ட ஏலாமல் கிடக்கு."

முகம் கழுவுகிற சாட்டில் அங்கேயே நின்றுவிட்டார்.

பிரியவதனி உள்ளே வந்தாள். தாய் அவள் கையைப் பிடித்து இழுத்துக் கிட்ட இருத்தினாள்.

"அப்பாவோடை கொழுவினியோ?" மெல்லத்தான் கேட்டாள், ஆனால் குரல் சுட்டது. "தலைக்கு மேலை ஃபான் விர்ரெண்டு சுத்துது. வோல்ரேஜ் இல்லாமல் சுத்துமே? எனக்கென்ன விசரே? நான் நம்புறன் எண்ட தெம்பிலைதான் அந்த மனுசன் ஒரு வாய் சோறு தின்னுது. அதிலை மண்ணைப் போடாதை."

பிறகு கிணற்றடிப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினாள்.

"இஞ்சருங்கோ, கறண்ட் நல்லா வந்திட்டுது. உள்ளை வாங்கோ."