லோன் வேணாம்மா

தினமும் மத்தியானம் லோன் தருவதாக ஒரு பெண் போன் செய்வாள். சபேசன் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் கோதிக்கொண்டு, "லோன் வேணாம்மா. சாப்பிட்டியா நீ?" என்பார். அடுப்படியில் நிற்கும் அவர் மனைவி கோமளாவுக்கு வயிறு எரியும். இத்தனை வருஷத்தில் அவளை ஒருநாளாவது அப்படிக் கேட்டிருப்பாரா?

"வேணாம்னா வச்சிட வேண்டியதுதானே?"

"பேசறது அவ உரிமைடி."

"அப்போ என் காதுக்கு ஒரு உரிமையும் கிடையாதா?"

மறுநாள் அவர் குளிக்கப் போனதும், அவர் போனிலிருந்தே விளம்பர அழைப்புகள் வேண்டாம் என்று பதிந்துவிட்டாள். சில நாளில் அழைப்பு நின்றது. அவர் பேச்சும் நின்றது. மத்தியானமானால் போனை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அந்தக் காத்திருப்பு அவளை இன்னும் எரித்தது.

ஒருநாள் அடுப்படியிலிருந்தே தன் போனில் அவரை அழைத்தாள். கூடத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார், தலையைக் கோதினார்.

"வணக்கம் சார்" என்றாள், குரலைக் குழைத்து.

"லோன் வேணாம்மா. சாப்பிட்டியா நீ?"

எட்டிப் பார்த்தாள். அவருடைய கண்ணாடி ஜன்னலோரம் கிடந்தது. அழைப்பது யாரென்று அவர் படித்திருக்க முடியாது. "இன்னும் இல்லை" என்று சொல்ல வாயெடுத்தவள், அவர் கேட்டது யாரை என்று தெரியாமல், போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள்.