மேஜர் மூன்று முறை செத்த பாலம்

எல்லை முகாமில் சண்டை இல்லாத மாலைகளில் வயர்லெஸ்காரர் மாயாஜாலக் கதை சொல்வார். மற்றவர்கள் அதில் வீரனாகவும் மந்திரவாதியாகவும் மாறிப் பகடை உருட்டுவார்கள். இன்று மேஜரே மாவீரனாக வந்து உட்கார்ந்திருந்தார். யுத்தக் கலையைக் கரைத்துக் குடித்தவர் என்பது அவருடைய சொந்த அபிப்பிராயம்.

மூன்றாவது முறையாக அவருடைய படை பாலத்தின் நடுவில் பூதங்களிடம் சிக்கிச் செத்தது.

"என்னய்யா கதை இது? ரெண்டு பக்கமும் மேடு, நடுவுல குறுகலா ஒரு பாலம். இதுல போனா எவன் பொழைப்பான்?"

"ராஜாவோட உத்தரவு இதுதான், சார்."

"அந்த ராஜாவுக்கு மண்டையில இருக்கறது மூளையா, களிமண்ணா?"

மற்றவர்கள் சட்டென்று குனிந்து பகடையைத் தேடினார்கள். அது மேஜை மேலேயேதான் இருந்தது.

"நாங்க எப்படி சார் அவர்கிட்ட சொல்றது?" என்றார் வயர்லெஸ்காரர்.

"என்ன பயம்? நான் சொல்றேன், அவன் வடிகட்டின முட்டாள்!"

வயர்லெஸ்காரர், விளையாட்டுக்காக மேஜையில் விரித்திருந்த வரைபடத்தின் மேல் தான் ஒட்டியிருந்த பூதங்களையும் கோட்டைகளையும் ஒவ்வொன்றாக உரித்தார்.

அடியில், நாளைக் காலை படை கிளம்ப வேண்டிய பாதை இருந்தது. மூலையில் அந்த உத்தரவைப் போட்ட ராஜாவின் கையெழுத்து, மேஜரின் பெயரோடும் முத்திரையோடும்.