பாரிஸிலிருந்து வரும் வழி

எஹலியகொட நூலகத்தில் சஞ்சிகைப் பகுதியைப் பார்த்துக்கொண்ட சவரிமுத்துவுக்கு உலகம் சுற்றுவதென்றால் உயிர். ஆனால் கொழும்பைத் தாண்டியதில்லை. 2008இல் ஆட்களைக் கடத்தும் ஒரு வெள்ளை வேன் அவரை ஏற்றிப் போனது. எந்தப் பொலிஸில் கேட்டும் அப்படி ஆளே இல்லை என்றார்கள்.

அடுத்த மாதப் பயணச் சஞ்சிகையில் பாரிஸ் பாலத்தின் படம். கூட்டத்துக்குப் பின்னால், மனைவி மேர்சி ஒட்டுப்போட்டுக் கொடுத்த குடையோடு அவர் நின்றார். அதற்கடுத்த இதழில் கெய்ரோ சந்தை. பிறகு சென்னைக் கடற்கரை.

"வீட்டுப் பக்கந்தான் வந்துகிட்டு இருக்காருங்க," என்றாள் மேர்சி, நூலகத்தில் அவர் நாற்காலியில் இப்போது இருக்கும் கலைச்செல்வியிடம்.

இந்த மாத இதழில் இலங்கை. மேர்சி தினமும் மரங்களில் பால் வெட்டும் இறப்பர்த் தோட்ட மலை. படத்தில் ஆள் யாருமில்லை. புதிதாய் வெட்டி மூடிய மண்மேல் அந்தக் குடை விரிந்து கிடந்தது.