ஐந்தாம் பக்கம்

ஐந்தாம் பக்கத்தில் அமிழ்தா நின்றுவிட்டாள்.

அந்தப் பக்கத்துப் படத்தில் அடர்ந்த முடி, முறுக்கிய மீசை. கீழே, 'இவர் சபாபதி மாமா. கதவைத் திறப்பார்.'

எதிரே, அருங்காட்சியகக் கதவருகில் நின்ற காவலருக்கு இரண்டுமே இல்லை. மழமழவென்று மொட்டை. அதன்மேல் இன்னும் காயாத சந்தனம்.



ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கென்று மாதத்தில் ஒரு காலையை ஒதுக்கியிருந்தார்கள். மங்கலான விளக்கு. ஒலிபெருக்கி கிடையாது, கூட்டம் கிடையாது. வருவதற்கு முன்பே வீட்டுக்கு ஒரு படப்புத்தகம் வந்துவிடும். எந்த வாசல், எத்தனை படி, யார் நிற்பார்கள், எல்லாம் அதில் உண்டு. பத்து வயது அமிழ்தா இரண்டு வாரமாக அதைத் தலையணைக்கடியில் வைத்துத்தான் தூங்கினாள்.

பாவம், அத்தனையும் யோசித்தவர்கள் வேண்டுதலை யோசிக்கவில்லை.

அமிழ்தாவின் கைகள் காதுக்குப் போயின. அடுத்தது அலறல்தான். கல்யாண மண்டபம், துணிக்கடை, மிருகக்காட்சிசாலை, எங்கேயும் அவர்கள் பாதியைத் தாண்டியதில்லை.

அம்மா ஸ்கூட்டர் சாவியைக் கையில் எடுத்தாள்.

"திருப்பதி போயிட்டு வந்துட்டேம்மா," என்றார் காவலர், தப்பு செய்தவர்போல. "புள்ள என்னைய தேடும்னு தோணவே இல்ல."

மெல்லத் தரையில் உட்கார்ந்தார். விரிந்தபடி கீழே விழுந்திருந்த புத்தகத்தில் தன் முடியை ஒரு கையாலும் மீசையை ஒரு விரலாலும் மறைத்தார். காத்திருந்தார்.

அமிழ்தா படத்தைப் பார்த்தாள். மொட்டையைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள்.

கையை நீட்டி அந்தத் தலையிலிருந்து சந்தனத்தை வழித்தாள்.

விரலில் ஒட்டுமே என்று சோற்றைக்கூட ஸ்பூனால் சாப்பிடுகிறவள்.

படத்து முடிமேல் பூசினாள். மீசைமேலும் பூசினாள். சரியாகிவிட்டது.

கதவு திறந்தது.

ஆறாம் பக்கம், திமிங்கிலம்.

கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை எலும்புக்கூடு தொங்கியது. விலா எலும்புகளுக்கு அடியில் அமிழ்தா கைகளை உதறி உதறிக் குதித்தாள். சந்தோஷம் வந்தால் அப்படித்தான்.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அம்மாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எதைப் பார்த்து என்று கேட்டிருந்தால் அவளுக்குச் சொல்லத் தெரிந்திருக்காது.

கடைசிப் பக்கமும் வந்தது. 'இப்போது வீட்டுக்குப் போகலாம்.'

அமிழ்தா அதை நிதானமாகப் படித்தாள். பிறகு, சந்தனம் காய்ந்த விரலால், ஆறாம் பக்கத்துக்குத் திருப்பினாள்.

அம்மா சாவியைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.